முதலுக்கு மோசம் வராமல் கனிமம் வெட்டுவது எப்படி?
ஆன்லைன் விளையாட்டில் வளம் சேர்ப்போர் அறிய வேண்டிய உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

ஆன்லைன் விளையாட்டில் மரம் வெட்டவோ கனிமம் தோண்டவோ இறங்கும் புதியவர் முதலில் கேட்பது, “மணிக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. எதைப் பணயம் வைத்து இறங்குகிறோம்? அது போனால் யார் திருப்பித் தருவார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் இறங்குபவர்கள்தான் பல வார உழைப்பை ஒரே நிமிடத்தில் பறிகொடுத்துவிட்டுத் திகைத்து நிற்கிறார்கள்.

இதை விளக்க ஈவ் ஆன்லைன் மிகப் பொருத்தமான விளையாட்டு. ஐஸ்லாந்தின் சிசிபி கேம்ஸ் நிறுவனம் அதை 2003 மே மாதம் வெளியிட்டது. ஆட்டக்காரர்கள் வெட்டியெடுக்கும் கனிமத்திலிருந்தே அங்கே விண்கப்பல்கள் கட்டப்படுகின்றன. சந்தை விலையை நிர்ணயிப்பவர்களும் அவர்களே. தகர்ந்த கப்பல் தகர்ந்ததுதான், தானாக மீண்டு வராது.

பாதுகாப்பான இடம் என்று ஒன்று உண்டா?

ஈவின் ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் இருக்கிறது. 0.5 முதல் 1.0 வரை ‘ஹை-செக்’. 0.1 முதல் 0.4 வரை ‘லோ-செக்’. 0.0வும் அதற்குக் கீழும் ‘நல்-செக்’. ஹை-செக்கில் காங்கார்டு என்ற காவல்படை உண்டு, மற்ற இரண்டிலும் அது வராது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். காங்கார்டு தாக்குதலைத் தடுப்பதில்லை. தாக்கியவரைத் தண்டிக்க மட்டுமே வருகிறது. 1.0 மண்டலத்தில் விரைவாக வரும், 0.5இல் சில நொடிகள் தாமதமாகும். அந்த நொடிகளைக் கணக்குப்போட்டு, மலிவான கப்பல்களில் கூட்டமாக வந்து, தங்கள் கப்பல் போவது உறுதி என்று தெரிந்தே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ‘கேங்க்’ என்று பெயர். பெரும்பாலும் அவர்களுடைய கணக்கு எளியது: உங்கள் கப்பலிலிருந்து கிடைக்கும் கொள்ளை, அவர்கள் இழக்கப்போகும் கப்பல்களைவிட மதிப்பு மிகுந்ததா?

எல்லாரும் பணத்துக்காகவே வருவதில்லை. கோட் என்ற ஆட்டக்காரர் கூட்டணி, ஹை-செக்கில் கனிமம் வெட்டுவோர் 1 கோடி இஸ்க் கட்டி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்றது. இஸ்க் என்பது அந்த விளையாட்டின் நாணயம். சீட்டு வாங்காதவர்களின் கப்பல்களை அந்தக் கூட்டணி தகர்த்தது. இது விளையாட்டின் விதிக்கு உட்பட்ட செயல்தான். ஆகவே ‘என் கப்பலில் ஒன்றுமில்லையே, என்னை யார் தொடப்போகிறார்கள்’ என்ற எண்ணம் காப்பாற்றாது.

மணிக்கணக்கு சொல்லாத நஷ்டம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

பாதுகாப்பான இடத்தில் மணிக்கு 1 கோடி இஸ்க் கிடைக்கிறது. ஆபத்தான இடத்தில் 3 கோடி. ஆபத்தான இடத்துக்கு நீங்கள் கொண்டுபோகும் கப்பலும் கருவிகளும் சேர்ந்து 20 கோடி பெறும். சராசரியாக 8 மணி நேரத்துக்கு ஒரு கப்பல் போகிறது என்றால், மணிக்கு 2.5 கோடி நஷ்டம். கையில் நிற்பது வெறும் 50 லட்சம், பாதுகாப்பான இடத்தில் கிடைப்பதில் பாதி.

அதே இடத்துக்கு 2 கோடி பெறும் மலிவான கப்பலில் போகிறீர்கள். வெட்டும் வேகம் குறைவு, மணிக்கு 2 கோடிதான். அதே 8 மணி நேரத்துக்கு ஒன்று போனாலும் மணிக்கு 25 லட்சமே நஷ்டம். கையில் நிற்பது 1.75 கோடி. ஆபத்தான இடமே தவறு என்று இதற்குப் பொருளில்லை. அங்கே எதைக் கொண்டுபோகிறோம் என்பதுதான் லாபத்தைத் தீர்மானிக்கிறது. புதுக் கப்பல் வாங்கித் திரும்ப ஆகும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈவின் சுரங்கக் கப்பல்களே இந்தப் பாடத்தைச் சொல்கின்றன. கவெட்டர் வேகமாக வெட்டும், ஆனால் அடி தாங்காது. ரிட்ரீவருக்குக் கொள்ளளவு பெரிது. புரொக்யூரர் அடி தாங்கும். மூன்றும் ஒரே கப்பலில் கிடைக்காது.

செய்ய வேண்டியவை

• இன்னொன்று உடனே வாங்கக் கையில் இஸ்க் இல்லையென்றால் அந்தக் கப்பலை வெளியே எடுக்காதீர்கள்.

• காப்பீடு செய்யுங்கள். ஆனால் அது கப்பலுக்கு மட்டுமே. பொருத்திய கருவிகளுக்கும் உள்ளிருக்கும் சரக்குக்கும் கிடையாது.

• சரக்கை அடிக்கடி நிலையத்தில் இறக்குங்கள். சேரச் சேர நீங்கள் அடிக்கத் தகுந்த இலக்காகிறீர்கள்.

• மண்டலத்தில் இருப்பவர்களைக் காட்டும் ‘லோக்கல்’ பட்டியலில் புதிய பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். வார்ம்ஹோல் என்ற விண்துளை வழியே செல்லும் மண்டலங்களில் அந்தப் பட்டியல் வருபவரைக் காட்டிக்கொடுக்காது.

• திரையை விட்டு எழுந்துபோகும்போது கப்பலை நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

உங்கள் உரிமை எதுவரை?

நீங்கள் சேர்த்த கனிமம் சட்டப்படி உங்கள் சொத்து அல்ல. கணக்கும் அதிலுள்ள பொருள்களும் நிறுவனத்தினுடையவை, உங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. பெரும்பாலான ஆன்லைன் விளையாட்டுகளின் ஒப்பந்தம் இப்படித்தான் சொல்கிறது. ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும்போது நாம் சம்மதிப்பது இதற்குத்தான்.

அதனால் உரிமையே இல்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். 2003இல் சீனாவில் ரெட் மூன் என்ற விளையாட்டில் பொருள்களைப் பறிகொடுத்த ஒருவருக்கு அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று பெய்ஜிங் நீதிமன்றம் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவனை அடித்து மிரட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவனிடமிருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்தார்கள். 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே தீர்ப்பளித்தது. அவற்றைச் சேர்க்க அவன் செலவிட்ட நேரத்துக்கும் முயற்சிக்கும் மதிப்பு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று.

எனவே எது ஆட்டம், எது குற்றம் என்று பிரித்தறிய வேண்டும். ஈவில் உங்கள் கப்பலை அடிப்பதும், பேச்சில் மயக்கி இஸ்க் பறிப்பதும் பெரும்பாலும் ஆட்டம்தான். புகார் கொடுத்தாலும் கப்பல் திரும்ப வராது. அதே நேரம் நிறுவன ஊழியர்போல் நடிப்பது, தானியங்கி மென்பொருளால் கனிமம் வெட்டுவது, தொடக்க மண்டலங்களில் புதியவர்களைத் துன்புறுத்துவது ஆகியவை விதிமீறல்கள். சர்வர் கோளாறால் கப்பல் போனாலும் முறையிடலாம். தேதி, நேரம், திரைப்பிடிப்புடன் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

உண்மைப் பணம் நுழையும்போது

பெரிய ஆபத்து இங்கேதான். ஈவில் காசு கொடுத்து பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கி, அதை விளையாட்டுக்குள் விற்று இஸ்க் ஆக்கலாம். இது நிறுவனமே அனுமதித்த வழி. இஸ்கைக் காசாக்க அனுமதிக்கப்பட்ட வழி எதுவும் கிடையாது. ‘மலிவாக இஸ்க் தருகிறோம்’, ‘உங்கள் இஸ்குக்குப் பணம் தருகிறோம்’ என்று வரும் அழைப்புகளை ஏற்றால் கணக்கே முடக்கப்படலாம். உங்களுக்கு வரும் இஸ்க் இன்னொருவர் கணக்கில் திருடப்பட்டதாகவும் இருக்கலாம்.

கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக் கணக்கில் வங்கி அட்டை எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் பணத்தைப் பறிகொடுத்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். வங்கிக்கும் அப்போதே தெரிவியுங்கள். பரிவர்த்தனை எண், உரையாடல், திரைப்பிடிப்புகள் எதையும் அழிக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பிள்ளைகள் ஏமாந்திருந்தால் திட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் புகார் கொடுங்கள். திட்டுக்குப் பயந்து பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடியவருக்கே ஆதாயம்.