எட்டுச் சக்கர வண்டியின் அடிப்பிசுக்கு

கனடாவின் ஒன்டாரியோவில் தயாராகும் எட்டுச் சக்கர ஆர்கோ வண்டி சேற்றிலும் ஓடும், ஏரியிலும் மிதக்கும். எட்டுச் சக்கரங்களையும் சுழற்றும் சங்கிலிகள் வண்டியின் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றிலிருந்து வழியும் எண்ணெய், உள்ளே வரும் மணலோடு சேர்ந்து அடியில் கறுப்பாகப் படியும். அந்தக் கசடு சங்கிலியையும் பல்சக்கரத்தையும் அரம்போல் தேய்க்கும். உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பம்பையும் அடைக்கும். என்ஜின் ஆறியதும் கெட்டியான பிசுக்கை முதலில் சுரண்டி எடுங்கள். பிறகு பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேயுங்கள். அதன்பின் தண்ணீர்விட்டுக் கழுவுங்கள்; மின் இணைப்புகள்மீது மட்டும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். அடி மூடியைத் திறந்து கழிவுநீரை வாளியில் பிடியுங்கள். ஏரிக்கரையில் கொட்டினால் மீன்களுக்குப் பெருங்கேடு. காய்ந்ததும் சங்கிலிக்குப் புது எண்ணெய் இடுங்கள். தண்ணீரில் இறங்கும் முன், அடி மூடி இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.