வானிலிருந்து வடசென்னைக் கரை

தண்ணீர் அண்மை அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும். மணலும் செடிகொடிகளும் அதைத் திருப்பி அனுப்பும். அதனால் அந்தக் கதிரில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கடல் கறுத்தும் நிலம் வெளிறியும் விழுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடமே கரைக்கோடு. பல ஆண்டுக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கடல் எடுத்துக்கொண்ட நிலமும் மணல் சேர்ந்த இடமும் தெரிந்துவிடும்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரைக்கு இந்தக் கணக்கு மிகவும் அவசியம். ஆண்டின் பெரும்பகுதி அலைகள் இங்கே மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பிய சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்துக் குறைந்து மீனவக் குப்பங்களைக் கடல் அரித்தது. கருங்கல் கொட்டியும், கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டும் ஓரிடத்தைக் காத்தால், அரிப்பு அதற்கு வடக்கே தள்ளிப்போகிறது. குப்பம் குப்பமாகத் திட்டம் போடுவது பயன்தராது என்பதற்கு, முழுக் கரையையும் ஒருசேரக் காட்டும் இந்தப் படங்களைவிட நல்ல சாட்சி இல்லை.

கடலில் எண்ணெய்க் கசிவைக் கண்டறிய ரேடார் படம் உதவுகிறது. இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. சிற்றலைகள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். எண்ணெய் படர்ந்த இடத்தில் அவை அடங்கிவிடுவதால் அந்தப் பகுதி கறுப்பாகத் தெரியும். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூரில் கரை ஒதுங்கி, தெற்கே மெரினாவையும் எட்டியது. எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்பதை ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் நீரோட்டத்தையும் காற்றையும் கொண்டு கணித்தது. கரையிலோ, ஆட்கள் வாளிகளால்தான் எண்ணெயை அள்ளினார்கள்.

ஆனால் காற்றே இல்லாத கடலும் ரேடாரில் கறுப்பாகத்தான் விழும். படகில் போய்ப் பார்த்தால்தான் உறுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. அலையாத்தி வேர்களில் அது அப்பியிருந்ததை 10 மீட்டர் கட்டங்களால் ஆன படம் காட்டாது. எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் பரவிய பரப்பைப் படத்தில் அளக்கலாம்; ஆற்றின் அடியில் அது எவ்வளவு ஆழம் படிந்திருக்கிறது என்பதை அங்கே வலை வீசுபவர்கள்தான் சொல்ல முடியும்.

லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டுதோறும் கரைக்கோட்டு வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு குப்பத்திலும் அரசு வைக்க வேண்டும். அதை மீனவர்கள் பார்த்துத் திருத்திய பிறகே அடுத்த கல்லைக் கடலில் போட வேண்டும்.