உப்புக் கணக்கு எழுதிய கை பாட்டு எழுதியது!

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? உப்பு, முத்து, மக்ரூன், துறைமுகம், வ.உ.சி. விட்ட கப்பல். இவ்வளவுதானே? பாட்டு என்று யாராவது சொல்வீர்களா? சொல்ல வேண்டும், சகோதரிகளே! தென்பாண்டிச் சீமையில் மூன்று தலைமுறைப் பெண்கள் அம்மி அரைக்கும்போதும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதும் முணுமுணுத்த நாடகப் பாட்டுகளை எழுதியவர் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர்தான். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் என்று பெயர்.

'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்', 'அல்லி அர்ஜுனா', 'லவகுசா', 'நல்லதங்காள்'. இந்த நாடகங்களின் பெயர் தெரியாத ஆச்சி இந்தப் பக்கத்தில் உண்டா? ஆனால் எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். "அது யாரோ எழுதினது. எங்க காலத்துல எல்லாரும் பாடுவாங்க" என்றுதான் பதில் வரும். பாட்டு எல்லோர் வாயிலும் இருக்கிறது. பாட்டு எழுதினவர் பெயர் இல்லை!

கரிசல் மண் தந்த மூவர்

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தார் சங்கரன். அதே கரிசல் சீமையில் ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். எட்டயபுரத்தில் 1882-ல் பாரதியார் பிறந்தார். பதினைந்தே வருஷத்துக்குள் இந்த வறண்ட பூமி மூன்று பேரைத் தந்திருக்கிறது. இரண்டு பேருக்குப் பாடப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. மூன்றாமவர் ஆர்மோனியப் பெட்டியோடு நின்றுவிட்டார்.

சங்கரனின் தகப்பனார் தாமோதரக் கணக்கப்பிள்ளை. ராமாயணம் சொல்வதில் கெட்டிக்காரர். 'இராமாயணப் புலவர்' என்றே அவரைச் சொல்வார்களாம். தாயார் பேச்சியம்மாள். முதல் பாடம் வீட்டில் தகப்பனாரிடமே. பிறகு தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் எழுத வந்துவிட்டது.

ஆனால் பாட்டு சோறு போடுமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார் சங்கரன். நம்ம ஊர் அளத்து வெயிலை எண்ணிப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று குவித்துக் கிடக்கும் உப்பு, கண் கூசும் பகல், மூட்டைக் கணக்கு, வரவு, செலவு. அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 1891-ல், தம் 24-ஆம் வயதில் நாடகத்துக்குள் நுழைந்தார். அந்தக் காலத்தில் நாடகக்காரன் என்றால் திண்ணையில்கூட உட்கார வைக்க யோசிப்பார்கள். 'கூத்தாடி' என்று ஒரு சொல் போதும், பெண் கொடுக்க மாட்டார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அதற்குள் போனால் பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

எமன் வேஷம் போட்டவர்

முதலில் நடிகராகத்தான் பேர் எடுத்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் எல்லாம் பயங்கரமான வேஷங்கள். ஆள் கம்பீரம், குரல் இடி மாதிரி. நாடக உலகில் இன்றைக்கும் இரண்டு சம்பவங்களைச் சொல்வார்கள். சனீஸ்வரன் வேஷம் கட்டிய ஓர் இரவு முடிந்து, வேஷத்தைக் கலைப்பதற்காக விடியற்காலையில் நீர்நிலைக்குப் போயிருக்கிறார். அந்த இருட்டில் அவரைப் பார்த்த ஒரு பெண் பயந்து விழுந்து உயிரை விட்டாளாம். இன்னொரு முறை 'சாவித்திரி' நாடகத்தில் எமனாக வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்கு அதிர்ச்சியில் கரு கலைந்ததாம். அதோடு மனசு உடைந்து, இனி வேஷமே கட்டுவதில்லை என்று முடிவெடுத்தாராம்.

இந்த இடத்தில் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பயந்ததால்தான் கரு கலைந்தது என்று இன்றைக்கும் வீட்டில் சொல்கிறோம். ஆனால், ஆரம்ப மாதங்களில் கரு கலைவதில் பாதிக்குப் பாதி, கருவிலேயே அமைந்துவிட்ட குரோமோசோம் கோளாறால்தான் என்கிறார்கள் மருத்துவர்கள். "நீ அதைப் பார்த்தே, இதைத் தூக்கினே" என்று அந்தப் பெண்ணையே குற்றம் சொல்வது பாவம். சுவாமிகளும் தம்மைத் தாமே குற்றம் சொல்லிக்கொண்டார். அவர் இரக்க மனசு அப்படி.

வேஷத்தை விட்டார், பேனாவைப் பிடித்தார். நமக்கு அது லாபமாயிற்று! கொஞ்ச காலம் துறவு மனத்தோடு தலயாத்திரை போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'சுவாமிகள்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. புதுக்கோட்டையில் கஞ்சிரா வாத்தியத்தில் கொடிகட்டிப் பறந்த மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். லயம் தெரிந்த அந்த வீட்டில் இருந்ததால்தானோ என்னவோ, சுவாமிகளின் பாட்டில் தாளம் அவ்வளவு கச்சிதமாக விழும்.

அப்படி என்ன புதுமை?

அவருக்கு முன்னால் நாடகம் என்றால் பெரும்பாலும் பாட்டு மேல் பாட்டுதான். நடுவில் பேச்சு வந்தாலும் அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். சுவாமிகள் பாட்டுக்கு நடுவே ஒழுங்கான வசனம் எழுதி வைத்தார். இந்தப் பக்கம் வந்த பார்ஸி நாடகக் கம்பெனிகளின் வடநாட்டு மெட்டுகளையும் எடுத்துக்கொண்டார். நம்ம நாட்டுப்புறச் சிந்தையும் விடவில்லை. வெண்பாவும் வரும், அதன் பக்கத்திலேயே பழமொழியும் வரும், குறளும் வரும். படித்த பண்டிதரும் தலையாட்டுவார், எழுத்துக் கூட்டத் தெரியாத பெண்ணும் ஒரு தடவை கேட்டதும் திருப்பிப் பாடுவாள். கேட்டதும் நாக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும், மறுநாள் வேலை செய்யும்போது தானாக வர வேண்டும். பாட்டு எழுதுவதில் இதுதானே சாமர்த்தியம்?

சுமார் 40 நாடகங்கள் எழுதினார் என்பது பொதுவான கணக்கு. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர்கள் வியந்து சொல்லியிருக்கிறார்கள். நமக்கு ஒரு கடிதம் எழுதவே நாலு நாள் ஆகிறது!

பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார்கள்

தாய்மார்கள் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பெரிய நடிகர்கள் பலர் குடித்துவிட்டு வருவார்கள், நேரத்துக்கு வர மாட்டார்கள், மேடையிலேயே ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுப்பார்கள். இதைப் பார்த்து நொந்த சுவாமிகள், சின்னப் பிள்ளைகளை வைத்து ஒழுங்காக நாடகம் நடத்துவது என்று தீர்மானித்தார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் பாட்டால் நாட்டையே மயக்கிய எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே பழகியவர்தான். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு ஆறே வயது! பின்னாளில் 'அவ்வையார்' வேஷத்தில் புகழ் பெற்று 'அவ்வை சண்முகம்' ஆனாரே, அவர்தான்.

ஆறு வயது! நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளைக்கு இன்னும் சோறு ஊட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பாடின. தொண்டை உடையும் வயசு வந்தால் குரல் போய்விடும், வேஷமும் போய்விடும். பிற்பாடு இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகள் பல வந்தன. எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் வறுமையால்தான் சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். சிவாஜி கணேசனும் சின்ன வயதிலேயே இப்படிப் போனவர்தான். மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்றுதான் எத்தனையோ தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

சுவாமிகளின் சபையால் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பு, சங்கீதம், நேரம் தவறாமை எல்லாம் வந்தன. கூத்தாடி என்ற இளப்பம் குறைந்து நாடகக் கலைஞர் என்ற மரியாதை வந்ததற்கு அவர் கொடுத்த ஒழுங்கு ஒரு காரணம். ஆனால் விளையாடும் வயசு போனது போனதுதானே? இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைக்கு 6 முதல் 14 வயது வரை பள்ளிக்கூடம் பிள்ளையின் உரிமை என்று 2009-ல் சட்டமே வந்துவிட்டது. பாட்டு வகுப்போ, டி.வி. போட்டியோ, தூக்கத்தையும் படிப்பையும் கெடுக்காமல் இருக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் அவர் கை கொடுத்திருக்கிறார். திருவையாற்றில் 1911-ல் பிறந்த டி.பி.ராஜலட்சுமிக்குச் சிறு வயதிலேயே கல்யாணமாகி அந்த வாழ்வு நிலைக்காமல் போயிற்று. தாயும் மகளும் பிழைப்புக்கு வழி தேடியபோது நாடக மேடைக்கு வழி காட்டியவர்களில் சுவாமிகளும் ஒருவர் என்பார்கள். அந்தப் பெண்தான் 1931-ல் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி, 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கி, தென்னாட்டின் முதல் பெண் டைரக்டர்!

காசு எங்கே போயிற்று?

அவ்வளவு பாட்டு எழுதியவருக்குக் காசு குவிந்திருக்குமே என்று கேட்பீர்கள். ஒரு தரம் மேடையேறிவிட்டால் அந்தப் பாட்டு ஊருக்குச் சொந்தம். எந்த நடிகரும் பாடலாம். இது நம்ம நாட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபாஸ்டர் என்று ஒரு பாட்டாசிரியர் 1826-ல் பிறந்தார். அந்த நாட்டில் பாட்டு எழுதியே பிழைக்கப் பார்த்த முதல் ஆள் என்பார்கள். 1848-ல் அவருடைய 'ஓ சூசன்னா' பாட்டு நாடெங்கும் ஓடியது. அச்சுப் போட்டவர்கள் சம்பாதித்தார்கள். அவர் 1864-ல் 37 வயதில் நியூயார்க்கில் இறந்தபோது பணப்பையில் இருந்தது 38 சென்ட். அதாவது அரை டாலர்கூட இல்லை! கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாட்டு எழுதினவர் நிலைமை ஒன்றுதான் போலும்.

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. இடி போன்ற குரல் தடுமாறியது. அப்படியும் தம் பிள்ளைகளின் சபையை விட்டுப் பிரியவில்லை. அவர்களோடு புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, 1922 நவம்பர் 13-ஆம் தேதி, 55-ஆம் வயதில் காலமானார். அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. இன்றைக்கு என்றால் வைத்தியம் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, "கொஞ்சம் படுத்தால் சரியாயிடும்" என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் நாலரை மணி நேரத்துக்குள் மருந்து போனால் பலருக்குக் கை கால் தப்பும்.

ஆள் போனார், பாட்டு நின்றது

'வள்ளி திருமணம்' நாடகத்தில் கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து பாடினால் மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். பேசும் படம் வந்ததும் 1933-ல் 'வள்ளி திருமணம்', 1934-ல் 'பவளக்கொடி' என்று சுவாமிகளின் மேடையில் ஓடிய கதைகளே சினிமாவுக்கும் போயின. பாகவதர் முதன்முதலில் நடித்தது அந்தப் 'பவளக்கொடி'யில்தான்.

இன்றைக்கும் எங்கள் பக்கத்திலும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்திலும் கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் வைக்கிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகையே கிடையாது! ராத்திரி பத்து மணிக்கு மேடையில் சந்திப்பார்கள், விடியும் வரை நாடகம் தடங்கலில்லாமல் ஓடும். எப்படி? எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் டி.வி.யும் செல்போனும் வந்த பிறகு கூட்டம் மெலிந்துவிட்டது. வருஷத்தில் சில மாதமே வேலை உள்ள அந்தக் கலைஞர்களின் வீட்டு அடுப்பு எரிவதும் நாம் போய் உட்காருவதில்தான் இருக்கிறது.

சென்னையில் நடிகர் சங்கக் கலையரங்கத்துக்கு அவர் பெயர். மதுரையில் சிலை உண்டு. நாம் செய்யக்கூடியது என்ன? உங்கள் ஊர்க் கொடையில் நாடகம் வைத்தால் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் தெரிந்த நாடகப் பாட்டைப் பாடச் சொல்லி செல்போனில் பதிந்து வையுங்கள். அவர்களுக்கும் மனசு குளிரும். மறதி வந்த பெரியவர்கள்கூடப் பழைய பாட்டை மறப்பதில்லை. பாடி முடித்ததும், இதை எழுதினவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள், நம்ம காட்டுநாயக்கன்பட்டிக்காரர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. இந்த முத்தையாவது கை நழுவ விடாமல் வைத்துக்கொள்வோமே!