சரிவான புன்செய்களுக்கு வெட்டிவேர் வேலி

சரிவான புன்செய்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையால் பயிருக்குக் கிட்டும் நன்மை பல சமயங்களில் சொற்பமே. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் ஜலமாகும். அவ்வளவும் அரை மணியில் விழுமாயின், மண் குடித்தது போக மிஞ்சியது மேல்மண்ணையும் இட்ட எருவையும் வாரிக்கொண்டு ஓடை சேரும். அவ்வண்டலே பின்னர் ஏரியில் படிந்து ஆயக்கட்டுதாரர்களுக்கும் நஷ்டம் விளைவிக்கிறது.

மண் வரப்பு ஜலத்தைத் தடுத்து நிறுத்துவது. ஆகையால் ஓரிடத்தில் உடைந்தாலும் தேங்கியது முழுதும் அவ்வழியே பாய்ந்து பள்ளம் பறித்துவிடும். வெட்டிவேர் வேலியோ ஜலத்தை நிறுத்துவதில்லை, நிதானப்படுத்துகிறது. நெருங்கிய தூர்களினூடே ஜலம் கசிந்து செல்ல, வண்டல் மேற்புறத்தில் தங்கும். வருஷந்தோறும் இவ்வாறு தங்கிய மண் உயர்ந்து, மண்வெட்டிக் கூலியின்றியே படிநிலமாக அமையும். வேர்கள் பக்கங்களில் அதிகம் பரவாமல், ஆழமான மண்ணில் 10 அடி வரையிலும் நேர்கீழே இறங்குவதால், அண்டைப் பயிருக்குப் போட்டி குறைவு.

இது நூதன முறையன்று. கர்நாடகத்தில் குண்டுலுப்பேட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் நெடுங்காலமாக இதனை வயல் எல்லையில் வைத்து வருகின்றனர். எல்லைக்கல் இரவோடிரவாக நகர்வதுண்டு; முதிர்ந்த வெட்டிவேர்த் தூர் அவ்வளவு எளிதில் நகராது என்பதைக் கிராமாதிகாரிகள் கவனிப்பார்களாக. பிஜித் தீவின் சரிவுநிலக் கரும்புத் தோட்டங்களில் 1950-களில் இது பயன்பட்டது. உலக வங்கி 1980-களில் இந்தியாவில் இதனைப் பரப்ப முற்பட்டது.

முதலில் ரசமட்டங்கொண்டு, சரிவுக்குக் குறுக்காகச் சமமட்டக் கோடு போடவேண்டும். கோடு வளைந்து சென்றால் பாதகமில்லை. சாய்ந்து சென்றால் ஜலம் வேலியோரமாகவே ஓடிப் புது ஓடை உண்டாக்கும். வரிசைக்கு வரிசை நிலமட்டம் 3 முதல் 6 அடி வரை இறங்கலாம். புரட்டாசி மழையில் மண் நனைந்ததும், தூரைப் பிரித்து, இலையை 8 அங்குலமும் வேரை 4 அங்குலமும் விட்டு நறுக்கி, 4 முதல் 6 அங்குல இடைவெளியில் ஒற்றை வரிசையாக நடவேண்டும். நிழலில் கன்று தேறாது. தென்னாட்டு இனம் விதையால் பரவாதது. வடநாட்டுக் காட்டினம் விதை உதிர்த்துக் களையாகக்கூடும். எனவே கன்று வாங்குமிடத்தை விசாரித்துக்கொள்வது உத்தமம்.

வேலி அடைய இரண்டு மூன்று வருஷமாகும். அதுவரை பட்டுப்போன கன்றுக்கு மறுநடவு தவறலாகாது. ஒரு முழ இடைவெளி இருப்பினும் சுற்றுப்புற ஜலமெல்லாம் அங்கே குவிந்து பாயும். அவ்வேலி இல்லாதிருப்பதே மேல். வருஷம் ஒருமுறையேனும் ஓர் அடி உயரத்தில் அறுத்தால் தூர் கட்டும். இளந்தழை மாட்டுக்கு ஆகும். முற்றியது கூரை வேய உதவும்.

வாசனை வேருக்கு விலை உண்டென்று வேலியைத் தோண்டுதல் கூடாது. தோண்டிய இளக்கமான மண் முதல் மழையிலேயே போய்விடும். வேர் விற்க விரும்புவோர் சமநிலத்தில் தனிப்பாத்தி போட்டுக்கொள்வது நலம்.