கடலுக்குள்ளேயும் புல் முளைக்குமா?

பூனாகலைப் பக்கத்துச் சிறுவர் வட்டம் ஒன்றில் நாம் கடலுயிர்களின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தோம். கொழுத்த சாம்பல் நிறப் பிராணி ஒன்று கடலின் அடியில் தலையைக் குனிந்து புல் மேயும் படம் வந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், கடலுக்குள்ளயும் புல்லு மொளைக்குமா? அத யாரு வெட்டுவா?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எமக்கோ அந்தக் கேள்வி நன்றாகவே பட்டது. தாய் நாளெல்லாம் மலையில் நின்று, மாலையில் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் வெட்டிச் சுமந்து வருவதைப் பார்க்கும் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?

அந்தப் பிள்ளை கடலைக் கண்டதில்லை. அன்று வந்திருந்த இருபத்திரண்டு பேரில் கடலைக் கண்டவர்கள் மூவர் மாத்திரமே. "கடலைக் காணாத பிள்ளைகளுக்குக் கடல் மிருகத்தைப் பற்றி ஏன் சொல்லுகிறீர்கள்? முதலில் வீட்டுக்கு ஒரு வழி பண்ணுங்கள்" என்று தகப்பன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பின்னர், எஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகே புதிய வீடுகளுக்குப் போனார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் பதுளை மாவட்டத்தில் மறுபடியும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இறங்க வேண்டியதாயிற்று. இவ்வாறு இடம்பெயர்ந்தவர்களுக்கு வீடும் காணியும்தான் முதலில் வேண்டும். அதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் இடம் மாறும்போது வீட்டோடு கூட இன்னொன்றும் போய்விடுகிறது. எந்த ஓடைக்கரையில் வல்லாரை கிடைக்கும், எந்தக் கிழங்கைத் தொடக்கூடாது என்று அம்மாயிமார் அறிந்து வைத்திருந்த அறிவுதான் அது. இந்தக் கட்டுரை கடலில் தொடங்கி அங்கேதான் வந்து சேரும்.

கடலில் மேயும் பசு

கடலிலும் புல் முளைக்கும். கடற்புல் என்பது பாசி அல்ல. நமது நிலத்துப் புல்லைப் போலவே வேரும் தண்டும் இலையும் உடைய பூக்கும் தாவரம். அது பூப்பதும் விதைப்பதும் தண்ணீருக்குள்ளேயே நடக்கிறது. வெயில் அடிவரை எட்டவேண்டும் என்பதால் ஆழம் குறைந்த, தெளிந்த கடலில் மாத்திரமே அது செழிக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் இத்தகைய புல்வெளிகள் பரந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தார் கரையொதுங்கும் சாதாளையை அள்ளித் தோட்டங்களுக்கு எருவாகப் போட்டதை அந்தப் பக்கம் இருந்துவந்த வாசகர்கள் அறிவார்கள்.

அந்தப் புல்லை மேய்வதுதான் கடற்பசு. மன்னார்ப் பகுதியில் ஆவுளியா என்பார்கள். 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கங்களில் காடு வெட்டிக் குடியேறிய நமது உறவினர் சிலருக்கு இந்தப் பெயர் பழக்கமாயிருக்கும்.

கடற்பசு மீன் அல்ல. பாலூட்டி. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டிக் காற்றெடுக்கிறது. ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளம் வளரும். எடை 400 கிலோவும் அதற்கு மேலும் போகும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். இலையை மட்டும் கடிக்காமல் வேரோடு பிடுங்கித் தின்பதால், அது மேய்ந்த இடத்தில் முள்ளுக்குத்து நடந்த மலையைப் போல நீண்ட தடம் விழுந்திருக்கும். ஆணுக்குக் கொம்பு போன்ற இரண்டு பல் உண்டு. தாயின் மடி முன்னங்கால் இடுக்கில் இருக்கும். பிள்ளைகளிடம், "இப்படி முன்னங்காலுக்கிடையில் மடியுள்ள மிருகம் வேறெது?" என்று கேட்டோம். வெல்லவாயப் பக்கத்திலிருந்து வந்த பையன் உடனே "யானை" என்றான். சரியான விடை. நிலத்து விலங்குகளில் கடற்பசுவுக்கு நெருங்கிய உறவு யானைதான். யானையால் சேனையை இழந்த குடும்பங்களுக்கு இந்த உறவு அவ்வளவு இனிக்காது என்பதும் எமக்குத் தெரியும்.

நமது பசு ஒழுங்காகத் தீனி கிடைத்தால் ஆண்டுக்கொரு கன்று போடும். கடற்பசுவோ பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரேயொரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். ஆகையால் வலையில் சிக்கியோ, இறைச்சிக்காகவோ, வெடி வைத்து மீன் பிடிப்பதாலோ ஆண்டுதோறும் சில கடற்பசுக்கள் இறந்தாலே போதும், கூட்டம் தேயத் தொடங்கிவிடும். இதன் பெரிய உறவொன்று வடகடலில் இருந்தது. 1741இல் ஸ்ரெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர் அதைக் கண்டு எழுதி வைத்தார். மாலுமிகள் இறைச்சிக்காக வேட்டையாடியதில் 1768க்குள், அதாவது 27 ஆண்டுகளில், அந்த இனமே அற்றுப்போயிற்று. நமது கடற்பசுவைக் கொல்வது இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டு அரசு 2022 செப்டெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் அதுவே. இதில் எமக்குப் பிடித்த செய்தி, மிருகத்தைக் காப்பதற்காக முதலில் அதன் மேய்ச்சல் தரையைக் காக்கிறார்கள் என்பதுதான். கால்நடை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விவிலியத்தின் படைப்பு வரலாற்றிலும் புல்பூண்டு மூன்றாம் நாளில் வருகிறது. கடலின் பெரிய உயிர்கள் ஐந்தாம் நாளில்தான் வருகின்றன.

நமது தண்ணீர் எங்கே போகிறது?

படம் பார்த்து முடிந்ததும் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துச் சென்றோம். "இந்தத் தண்ணீர் எங்கே போகுது?" என்று கேட்டால் "பணியப் போகுது" என்பார்கள். அதற்குக் கீழே?

பூனாகலை ஓடை தியலும நீர்வீழ்ச்சியில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து கிரிந்தி ஓயாவைச் சேருகிறது. பண்டாரவளை, எல்லப் பக்கத்துத் தண்ணீரும் இராவணன் நீர்வீழ்ச்சி வழியாக அதே ஆற்றுக்குத்தான் வரும். கிரிந்தி ஓயா லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தைக் கடந்து அம்பாந்தோட்டைக் கரையில் தென்கடலில் விழுகிறது. பதுளு ஓயாவோ துன்ஹிந்தையில் விழுந்து, மகாவலியோடு கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைக் காண்கிறது. மடுல்சீமைப் பக்கத்து ஓடைகள் கல்லோயாவாகிச் சேனாநாயக்க சமுத்திரத்தை நிரப்பிக் கிழக்குக் கடலுக்குப் போகின்றன. ஊமா ஓயாத் தண்ணீரும் இயல்பாக மகாவலிக்குரியதுதான். ஆனால் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட பல்நோக்குத் திட்டத்தினால் அதில் ஒரு பகுதி சுரங்க வழியாகக் கிரிந்தி ஓயாப் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தச் சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் நாம் எழுதித்தான் வாசகர்கள் அறியவேண்டும் என்பதில்லை.

இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் கடல்களில் கடற்பசு மிக அரிது. அதன் இருப்பிடம் வடமேற்கே மன்னார்ப் பக்கம். நமது தண்ணீர் போவது திமிங்கிலங்களின் கடலுக்கு. தெற்கே மிரிஸ்ஸ, தேவேந்திரமுனைக் கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலும், திருகோணமலைக் கடலில் மே முதல் அக்டோபர் வரையிலும் நீலத் திமிங்கிலத்தைக் காணலாம். பத்தடி லயக் காம்பராக்கள் எட்டை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். எட்டுக் காம்பராவையும் காலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் நம்பினார்கள். திருகோணமலையில் கரைக்கு மிக அருகிலேயே கடல் அடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால், ஆழ்கடல் உயிர்கள் கரையோரம் வரை வருகின்றன. 1982 முதல் 1984 வரை துலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் அங்கே எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். போர் மூண்டதும் அந்த வேலை நின்றுபோயிற்று. பிற்காலத்தில் நமது நாட்டைச் சேர்ந்த ஆஷா டி வொஸ் அம்மையார் தென்கடலின் நீலத் திமிங்கிலங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, அவை மற்றவற்றைப் போல வருடந்தோறும் குளிர்கடலுக்குப் போகாமல் நமது கடற்பகுதியிலேயே தங்குகின்றன என்பதை உலகறியச் செய்தார். பெண்பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னோம்.

பிள்ளைகள் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்ட கதை பாணந்துறைக் கதை. 2020 நவம்பர் 2ஆம் திகதி அங்கே நூறுக்கும் மேற்பட்ட சிறிய திமிங்கிலங்கள் கரையேறித் தத்தளித்தன. கொரோனாவுக்காக ஊரடங்கு இருந்த நேரம். கடற்படையினரும் ஊர் மக்களும் இரவிரவாகத் தண்ணீரில் நின்று அவற்றைக் கையால் தள்ளியும் படகால் இழுத்தும் ஆழத்துக்கு அனுப்பினார்கள். சில இறந்தன, பெரும்பாலானவை பிழைத்தன.

மலையிலிருந்து கழுவப்படும் மண் எல்லாம் கடலுக்குப் போய்விடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஊமா ஓயா கொண்டுவந்த மண் ரந்தம்பே நீர்த்தேக்கத்தை நிரப்பியது ஊரறிந்த விடயம். மண்ணைக் குளம் பிடித்துக்கொண்டால் குளம் குறையும். கடலுக்குப் போனால் தண்ணீர் கலங்கி வெயில் எட்டாமல் கடற்புல் சாகும். எப்படியும் அது நமது மலையை விட்டுப் போன மண்தான். கான் வெட்டி, ஓரத்தில் மானாப்புல் நட்டு மண்ணைப் பிடித்து வைக்கும் வேலை நமது பெரியவர்கள் பழகிய வேலை. இப்போது அதைச் சரியாகச் செய்யும் மலைகள் குறைந்துவிட்டன. ஓடைத் தண்ணீர் மழையில்லாமலே திடீரென்று கலங்கினாலும், காணாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினாலும், மரங்கள் சாய்ந்தாலும், நிலமோ சுவரோ வெடித்தாலும் அவை மண்சரிவின் முன்னறிகுறிகள். காத்திராமல் வெளியேறிவிட வேண்டும். பிள்ளைக்கு ஓடையைப் பார்க்கப் பழக்கினால் அது இதையும் சேர்த்தே பார்க்கும்.

ஓடைக்கரைப் பாடம்

கடற்பசுக் கன்று ஒன்றரை ஆண்டளவு தாயின் பக்கத்தை விட்டு அகலாது. பால் குடிக்கும்போதே தாயோடு சேர்ந்து புல்லும் மேயத் தொடங்கும். மேய்ச்சல் தரையைத் தாயின் பின்னே போய்த்தான் அறிந்துகொள்கிறது. நமது பிள்ளைகளும் அப்படித்தான் கீரையை அறிந்தார்கள். ஆனால் புதிய குடியேற்றத்தில் அம்மாயிக்கே இடம் தெரியாது. மேட்டு மலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கியவர்களுக்கு மண் வேறு, மழை வேறு, செடியும் வேறு.

இதில் ஆபத்தும் உண்டு. தாழ்ந்த வறண்ட பகுதிகளில் வேலியிலும் பற்றையிலும் கார்த்திகைப்பூக் கொடி படரும். சிங்களத்தில் நியகலா என்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாகத் தீச்சுடர் போலப் பூக்கும். இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்ளும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இந்நாட்டில் இறந்திருக்கிறார்கள். பூவில்லாத காலத்தில்தான் ஏமாற்றும். புதிய காணியைக் கொத்தும்போது வரும் கிழங்கு எதுவானாலும், அந்த ஊரில் நெடுநாள் இருப்பவரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்திபேதி வரும்வரை பாராமல், கிழங்கின் துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சிறுவர் விளையாடும் குன்றிமணியும் மஞ்சள் அலரிக் கொட்டையும் இவ்வாறே நஞ்சு.

நல்ல செடிகள் ஏராளம். ஈரக்கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும். வெயில் தரையில் ஆவாரை. பிபிலைக்கு அப்பால் நில்கலைப் புல்வெளிக் காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். திரிபலாச் சூரணத்தின் மூன்று சரக்கும் ஊவாவிலேயே விளைகின்றன. மலையில் களைநாசினி அடித்த வரிசையில் மாத்திரம் கீரை பறிக்க வேண்டாம். எந்தக் கிழமை அடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை இது. ஒரு பழைய அப்பியாசக் கொப்பி. பறித்த செடியைப் பத்திரிகைத் தாளுக்குள் விரித்து, மேலே பலகையும் கல்லும் வைத்து, தாளை நாளுக்கொருமுறை மாற்றினால் ஒரு கிழமையில் காய்ந்துவிடும். கொப்பியில் ஒட்டித் தமிழ்ப் பெயர், அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் சொல்லும் பெயர், பறித்த இடம், சொல்லித் தந்தவர் யார் என்பவற்றை எழுதவேண்டும். வல்லாரை அங்கே கொட்டுகொல, பொன்னாங்காணி முகுணுவென்ன, ஆவாரை ரணவரா. பெயர் கேட்கப் போன வீட்டில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் கிடைத்தது. இரண்டு வீடுகள் முதன்முதலாகப் பேசிக்கொண்டன. பேர் தெரியாத செடிக்குப் பேர் வைக்காமல் இடம் விட்டு வைக்கச் சொன்னோம்.

அடுத்த கூட்டத்தில் கொப்பிகளைப் பார்த்தோம். ஈரம் காயாமல் சில பூஞ்சணம் பிடித்திருந்தன. அந்தச் சிறுமியின் கொப்பியில் பதினோரு செடிகள் இருந்தன. எட்டுக்கு அவளுடைய அம்மாயியின் பேர். பன்னிரண்டாம் பக்கத்தில் "கடல்புல்லு" என்று மட்டும் எழுதி, கீழே வெறுமனே விட்டிருந்தாள். மூன்றாம் தவணை விடுமுறையில் பிள்ளைகளைத் திருகோணமலைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். அனுப்ப விரும்பும் பெற்றோர் ஞாயிறு பூசை முடிந்ததும் எம்மிடம் பேர் கொடுக்கலாம்.