கொதிக்கும் அண்டாவுக்கு ஒரு வால்வு

பொங்கல் விழாவானாலும் சரி, ஆண்டு விழாவானாலும் சரி, நம் சங்கக் கூட்டங்களில் நான் அஞ்சுகிற இடம் அடுப்படிதான். 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. அண்டாவின் எடையும் சேர்ந்தால் இரண்டு பேர் துணி பிடித்துத் தூக்கித்தான் சாய்க்க வேண்டும். ஈரத் தரை, ஓடி விளையாடும் குழந்தைகள், கொதிக்கும் தண்ணீர். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேரக் கூடாது என்று சொல்ல இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை.

அண்டாவை அசைக்காமலே தண்ணீரை இறக்க வழி உண்டு. மேல்நாடுகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்க முடியாமல், அதன் அடிப்பக்கம் துளையிட்டு, வெல்டிங் இல்லாமலே பால் வால்வு பொருத்திக்கொள்கிறார்கள். பியர் அவர்களுக்கே இருக்கட்டும். வால்வை நாம் எடுத்துக்கொள்வோம்.

வேண்டிய பொருள்கள்

எவர்சில்வர் அண்டா ஒன்று, அலுமினியம் வேண்டாம். அரை அங்குல ஸ்டெயின்லெஸ் பால் வால்வு, காலர் வைத்த மரையுள்ள நிப்பிள், அதற்கேற்ற நட், ஸ்டீல் வாஷர், உணவுத் தரமுள்ள சிலிகான் வாஷர், டெஃப்லான் டேப். நிப்பிள் கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். வடக்கே அந்தப் பட்டறையைக் 'கராத்' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். விலை குறைவு என்று பித்தளைக் குழாய் வாங்காதீர்கள். சாதாரணப் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். புளிப்பான ரசத்துக்கு அது ஆகாது. சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷரும் கூடாது.

துளையிடும் முறை

அரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. துளையும் அதே அளவு. அடி வளைவைத் தவிர்த்து, சுமார் 5 செ.மீ. மேலே சென்டர் பஞ்ச் அடியுங்கள். உள்ளே மரக்கட்டை முட்டுக்கொடுத்து, முதலில் 3 மி.மீ. துளை, பிறகு ஹோல் சா. வேகம் குறைவாகவும் அழுத்தம் சீராகவும் இருக்கட்டும், எண்ணெய் விடுங்கள். டிரில் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஸ்டெயின்லெஸ் இறுகிவிடும். பிறகு எந்த டிரில்லும் இறங்காது. துளையின் பிசிறை அரத்தால் நீக்கி, அண்டாவை நன்றாகக் கழுவுங்கள்.

நிப்பிளை உள்ளிருந்து வெளியே நீட்டுங்கள். காலருக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் வாஷர். உள்ளே இருப்பதால் அதன்மீது தீ படாது. வெளியே ஸ்டீல் வாஷர், நட். வால்வு ஏறும் மரைக்கு மட்டும் டெஃப்லான் டேப். மூடியிருக்கும்போது வால்வின் பிடி கீழ்நோக்கித் தொங்கும்படி பொருத்துங்கள். பிடி தானாகத் தாழ்ந்தாலும் மூடுமே தவிரத் திறக்காது.

சோதனை

பச்சைத் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஓர் இரவு வையுங்கள். தாள் நனையவில்லை என்றால் கொதிக்கவைத்துப் பாருங்கள். ஆறிய பின் நட்டை இன்னொரு முறை இறுக்கிவிட்ட பிறகே விழாவுக்கு எடுங்கள்.

நான் வேலையில் சேர்ந்த 1980களில் நீராவி என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொதிகலனைக் குளிரவைத்து, பிளக்குகளைக் கழற்றிக் கழுவுவது ஷெட்டில் தவறாத கடமை. அண்டாவுக்கும் அதே விதிதான். பால் வால்வை மூடினாலும் உருண்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் கொஞ்சம் நீர் தங்கும். அது பால் கலந்த காபி என்றால் கெட்டுப்போகும். ஒவ்வொரு விழா முடிந்ததும் வால்வைக் கழற்றி, பாதி திறந்து வைத்துக் கழுவிக் காயவிடுங்கள்.

வால்வு வந்துவிட்டது என்று கவனம் குறையக் கூடாது. அடுப்பு ஆடாமல் நிற்க வேண்டும்; வால்வைப் பிடித்து அண்டாவை ஒருபோதும் நகர்த்தக் கூடாது; பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

அடுத்த விழாவுக்கு முன் உங்கள் பகுதி அண்டாவைக் கொண்டுவாருங்கள். டிரில்லிங் மெஷின் என்னிடம் இருக்கிறது. கூட இருந்து பிடிக்க இளைஞர் ஒருவர் வந்தால், அவருக்கும் கற்றுக்கொடுத்துவிடுவேன்.