களியும் கேழ்வரகும்: வானப் படங்களைப் பதிவு செய்யும் முறை

(இளமறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

வானத்தைப் படம் பிடிப்பது இன்று செல்வந்தர்களின் பொழுதுபோக்கு மட்டும் அன்று. ஒரு சாதாரணக் கேமராவும், ஆடாத முக்காலியும், விளக்கொளி குறைந்த ஒரு மலையும் இருந்தால் போதும். அத்தகைய மலை நம் தருமபுரிக்கு அருகிலேயே உண்டு. அதுதான் வத்தல்மலை.

2024 செப்டம்பர் இறுதியில் சூச்சின்ஷான்-அட்லஸ் என்னும் வால்மீன் விடியலுக்கு முன் கீழ்வானில் தெரிந்தது. நானும் என் வகுப்புத் தோழனும் இரவே மலையேறிக் காத்திருந்தோம். ஆளுக்கு ஒரு கேமரா. ஆளுக்கு 25 படங்கள். நான் ஜேபெக் முறையிலும் அவன் ரா முறையிலும் பதிவு செய்தோம். கேமராத் திரையில் என் படங்களே அழகாக இருந்தன, உள்ளூர மகிழ்ந்தேன். வீட்டில் கணிப்பொறியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோதுதான் உண்மை விளங்கியது. அவன் படத்தில் வால் நீண்டு விளங்கிற்று. என் படத்திலோ விடியல் வானம் படிக்கட்டுப் போல வரிவரியாகப் பிரிந்து, வால் பாதியிலேயே மறைந்து போயிற்று.

காரணம் என்ன?

மங்கிய ஒளியில் எடுக்கும் எந்தப் படத்திலும் புள்ளி புள்ளியாக இரைச்சல் கலந்திருக்கும். அது படத்துக்குப் படம் மாறும். வால்மீனின் ஒளியோ மாறாது. எனவே பல படங்களைச் சேர்த்துச் சராசரி கண்டால் இரைச்சல் அடங்கும். 25 படங்களுக்கு அது ஐந்தில் ஒரு பங்காகும். அடுக்குவதன் பயன் இதுவே.

ஆனால், ஜேபெக் ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில்தான் பதிகிறது. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிகள் உண்டு. மேலும், ஜேபெக் ஆக்கும்போது கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டி, இரைச்சலை வழித்து, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகச் சுருக்கிவிடுகிறது. மெல்லிய வாலையும் இரைச்சல் என்றே எண்ணி வழித்துவிடுகிறது! ஒவ்வொரு படத்திலும் அழிந்துபோனதை அடுக்கினால் மட்டும் எப்படி மீட்க முடியும்?

நம் மாவட்டத்தாருக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். ரா என்பது கேழ்வரகு; ஜேபெக் என்பது கிண்டிய களி. களி உடனே உண்ண ஏற்றது. ஆனால் களியை மீண்டும் கேழ்வரகாக்க முடியுமா?

அடுக்கி முடித்த படத்தையும் உடனே களியாக்கிவிடக் கூடாது. 16 பிட் டிஃப் முறையிலோ ஃபிட்ஸ் முறையிலோ அதைச் சேமிக்க வேண்டும். ஃபிட்ஸ் என்பது வானியலாருக்கென்றே உருவான முறை. 1982இல் பன்னாட்டு வானியல் கழகம் அதை ஏற்றுக்கொண்டது. படம் எடுத்த நாள், நேரம், தொலைநோக்கி முதலிய விவரங்களைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைக்கலாம் என்பது அதன் சிறப்பு. 1988இல் ராமானுஜன் என்னும் சிறுகோளைக் கண்டறிந்த காவலூர் வானாய்வகம் நமக்கு அருகே ஜவ்வாது மலையில்தான் உள்ளது. அத்தகைய ஆய்வகங்களில் படம் என்பது அழகுப்பொருள் அன்று. அளந்து பார்க்க வேண்டிய சான்று.

ஜேபெக்கை நான் பழிக்கவில்லை. நண்பர்களுக்கு அனுப்ப அதுவே ஏற்றது. ஆனால் அது கடைசிப் படியாக இருக்கட்டும். ரா கோப்புகள் சில மடங்கு இடத்தை அடைக்கும் என்பது உண்மையே. இடத்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த வால்மீனோ நம் ஆயுளில் திரும்பி வரப்போவதில்லை.

ஆகவே நண்பர்களே, மலையேறும் முன் கேமராவின் அமைப்பை ஒருமுறை சரிபாருங்கள். என் இழப்பு உங்களுக்குப் பாடமாகட்டும்!